லம்பா லைனின் தற்காலிக எதிரி

அந்தமானுக்குச் சிலரைச் சர்க்கார் அனுப்பிவைத்தது. சிலர் நிலம் கிடைக்கும் என்று வந்தார்கள். சிலர் மேஸ்திரி பேச்சை நம்பி வந்தார்கள். கஸ்பார் வந்து தங்கியதற்குக் காரணம் வாந்தி.

மணப்பாட்டில் கடலோடும் குடும்பத்தில் பிறந்தவன், வள்ளத்தில் கால் வைத்தாலே குடலைக் கையில் பிடித்துக்கொள்வான். அவன் அப்பா கொஞ்ச காலம் பொறுத்துப் பார்த்தார். பிறகு, எங்கேயாவது போய்ப் பிழைத்துக்கொள் என்று அவனைக் கப்பலேற்றிவிட்டார். கடல் ஆகாதவனைக் கடல் தாண்டி அனுப்புவதில் என்ன நியாயம் என்று அவரை யாரும் கேட்கவில்லை. மதராஸில் மனிதனாக ஏறியவன் போர்ட் பிளேரில் பிழிந்த துணியாக இறங்கினான். ஜெட்டியில் மண்டியிட்டுத் தரையை முத்தமிட்டான். இனி செத்தாலும் கப்பலேறுவதில்லை என்று அந்தோணியார் மேல் சத்தியம் செய்தான். குடியேறியவர்களைச் சர்க்கார் பல வகையாகப் பிரித்து வைத்திருக்கிறது. சத்தியம் செய்ததால் குடியேறியவன் என்ற வகை மட்டும் அதில் இல்லை.

அபர்டீன் பஜாரில் ஒரு சோடா கம்பெனிக்காரர் அவனைச் சேர்த்துக்கொண்டார். மூன்று சக்கர சைக்கிள் வண்டியில் கோலி சோடாவை அடுக்கிக்கொண்டு ஊரைச் சுற்ற வேண்டும். போர்ட் பிளேரில் சாலை என்றால் ஒன்று ஏறும், இல்லாவிட்டால் இறங்கும். ஏற்றத்தில் கஸ்பார் வண்டியைத் தள்ளுவான். இறக்கத்தில் வண்டி கஸ்பாரைத் தள்ளும். இந்தத் தொழிலில் அவனுக்கு ஒரே ஒரு பழக்கம் எலும்புவரை ஊறிப்போனது. “சோடா” என்று எங்கிருந்து குரல் வந்தாலும் கால் தானாக நின்றுவிடும், கை தானாகக் கோலியை அமுக்கும் கட்டையைத் தேடும். பாதி இறக்கத்தில் யாரோ கூப்பிட, பிரேக் போட்டு, பின்னால் வந்த சர்க்கார் ஜீப்பைப் பள்ளத்தில் இறக்கிய பெருமை அவனுக்கு உண்டு.

மரைன் ஹில்லில் மத்தியாஸ் என்பவரின் வீடு. துறைமுகப் பட்டறையில் மெக்கானிக். அதாவது சர்க்கார் உத்தியோகம். அவரும் மணப்பாடு பக்கம்தான். அவருடைய மகள் கிளாரா வீட்டிலேயே தையல் மிஷின் வைத்துச் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். அந்த ஏற்றத்தில் வாடிக்கையாளர் யாரும் கிடையாது. இருந்தும் கஸ்பார் தினமும் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏறினான். இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

ஒருநாள் துணிந்து வாசலில் நின்று, பன்னீர் சோடா ஒன்றை நீட்டினான்.

“மாமா, வெயிலா இருக்கு. ஒரு சோடா குடிங்க.”

“யாருக்குல மாமா?” என்றார் மத்தியாஸ். “ஒன் எண்ணம் எனக்குத் தெரியும். ஒங்கையால ஒரு சொட்டுத் தண்ணி வாங்கி நான் கை நனைக்க மாட்டேன். கவர்மெண்டு உத்தியோகத்தோட வா. அப்பம் பாப்போம்.”

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கல்யாணப் பேச்சு நடக்கும் இடத்தில், எதிர்த் தரப்பின் கையால் வாங்கிச் சாப்பிட்டாலோ குடித்தாலோ சம்மதம் என்று பொருள். கை நனைத்தாயிற்று என்றால் முடிந்தது. கோயிலுக்குப் போகிறவர்களும் சர்ச்சுக்குப் போகிறவர்களும் வேறு எதில் சண்டை போட்டாலும் இந்த விஷயத்தில் ஒரே கட்சி. ஆகவே ஊரே கஸ்பாரின் சோடாவைக் குடித்தபோதும் மத்தியாஸ் குடும்பம் மட்டும் குடிக்கவில்லை. ஏப்பம் வேண்டுமானால் அவர் சுக்கு போட்டுக்கொள்வார்.

போதாக்குறைக்குத் தூத்துக்குடியில் ஒரு மாப்பிள்ளையையும் அவர் பார்த்துவைத்திருந்தார். துறைமுக ஆபீஸில் குமாஸ்தா. பங்குனிக் கடைசியில் வரும் கப்பலில் வந்து, பெண்ணைப் பார்த்து, பிடித்திருந்தால் அடுத்த கப்பலிலேயே கட்டி அழைத்துப்போவதாக ஏற்பாடு.

“பாக்குறதும் கெட்டுறதும் ஏத்துறதும். நான் என்ன பார்சலா?” என்று கிளாரா வேலிப் பக்கம் நின்று கஸ்பாரிடம் கேட்டாள். “நீங்க ஏதாச்சும் செய்யப் போறீங்களா, இல்ல இப்படியே பாட்டில ஆட்டிக்கிட்டு நிக்கப் போறீங்களா?”

கஸ்பார் ஏதாவது செய்ய வேண்டியிருந்தது. அப்போதுதான் தேசப் பாதுகாப்பு குறுக்கே வந்தது.

அறுபத்தேழில் மழை ஓய்ந்த கையோடு விமானப்படைப் பிரிவு ஒன்று லம்பா லைன் ஓடுதளத்தில் வந்து இறங்கியது. எந்தப் பிரிவு என்று எண்ணைச் சொன்னால் யாராவது வருத்தப்படுவார்கள். இளம் பைலட்டுகளுக்கு, வானத்தில் வரும் எதிரி விமானத்தை வழிமறிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். இதுதான் அவர்களுக்கு இடப்பட்ட வேலை. தலைவர் ஸ்குவாட்ரன் லீடர் பேடி, பஞ்சாபி, மீசையே ஒரு படைப்பிரிவு. அவரிடம் பைலட்டுகள் இருந்தார்கள். ரேடார் வேறொரு கப்பலில் வேறொரு ஊருக்குப் போய்விட்டது. பெட்ரோல் பீப்பாய்கள் வந்தபாடில்லை. விமானங்கள், பெட்ரோல் வந்ததும் வருவதாகத் தகவல்.

பேடி சும்மா இருக்கும் ஜாதி இல்லை. வெள்ளைக்காரன் அந்த நாளில் செய்த வேலை ஒன்று அவருக்கு நினைவு வந்தது. மூன்று சக்கர சைக்கிளை விமானமாக வைத்துத் தரையிலேயே பயிற்சி கொடுத்துவிடலாம்!

ஏற்பாடு இப்படி. ரொட்டிக்கடை வண்டி, மண்ணெண்ணெய் வண்டி இரண்டும் நம் போர் விமானங்கள். அவற்றை ஓட்டும் பைலட்டின் தலையிலிருந்து இடுப்புவரை கறுப்புத் துணி உறை. அவருக்குத் தன் காலும் கையிலிருக்கும் திசைகாட்டியும் தவிர வேறெதுவும் தெரியாது. தண்ணீர்த் தொட்டிமேல் ஒரு சிப்பாய் நின்று, எதிரி எங்கே, நம்மவர் எங்கே என்று கீழே குடிசைக்குள் இருப்பவருக்குக் கத்துவான். குடிசைக்காரர் அதை வரைபடத்தில் குறித்து, கணக்குப் போட்டு, ‘இடது பக்கம் திரும்பு, நேரே மிதி’ என்று பைலட்டின் முதுகில் கட்டியிருக்கும் ரேடியோவில் சொல்வார். எதிரி இருக்கும் இடத்துக்குப் பைலட்டை அனுப்பினால் அங்கே போய்ச் சேரும்போது எதிரி இருக்க மாட்டான். அவன் இருக்கப்போகும் இடத்துக்கு அனுப்ப வேண்டும். மொத்தப் படிப்பும் இவ்வளவுதான். இதற்கு ஒருவன் எதிரியாக ஒரே சீராக, ஒரே திசையில் மிதித்துக்கொண்டே போக வேண்டும்.

ஊரில் மிஞ்சியிருந்த மூன்று சக்கர வண்டி கஸ்பாருடையது.

பேடியின் தமிழ் ஹெட் கிளார்க் பன்னீர்செல்வம், தினக்கூலிப் பட்டியலில் அவன் பெயருக்கு எதிரே என்ன பதவி போடுவது என்று ஒரு வெற்றிலை நேரம் யோசித்தார். கடைசியில் உள்ளதை உள்ளபடி ‘எதிரி, தற்காலிகம்’ என்று போட்டார்.

“சார், இது நிரந்தரம் ஆவுமா?” என்றான் கஸ்பார்.

“ஏம்ப்பா, கவர்மெண்டுல தற்காலிகம்னு ஆரம்பிச்சது எதுதான் முடிஞ்சிருக்கு? நீ பாட்டுக்கு மிதி.”

முதல் நாள் எதிரி புறப்பட்டான். பாட்டில்களை இறக்கவேண்டாம் என்று பேடியே சொல்லிவிட்டார். குண்டு சுமந்து வரும் விமானம் கனமாகத்தான் வரவேண்டுமாம். கஸ்பார் கிழக்கே மிதித்தான். மண்ணெண்ணெய் விமானம் தெற்கிலிருந்து கிளம்பியது. கணக்கு அற்புதமாகப் பொருந்தி வந்தது. அந்த நேரம் பார்த்து ஓடுதளத்தின் ஓரம் புல் வெட்டிக்கொண்டிருந்த ராஞ்சிக் கூலியாள் ஒருவர், “ஏ சோடாவாலா!” என்றார்.

எதிரி விமானம் இருபதாயிரம் அடி உயரத்தில் பிரேக் போட்டு, இறங்கி, கோலியைத் தட்டி, ஒரு கலர் சோடா கொடுத்தது. மண்ணெண்ணெய் விமானம் முன்னால் வெறும் காற்றைக் கடந்து, டாலிகஞ்ச் சாலைவரை போய்விட்டு வந்தது.

பேடி ஓடிவந்தார். “அரே பாகல்! ஹவாயி ஜஹாஜ் கபி ருக்தா ஹை க்யா?”

“விமானம் வானத்துல நிக்குமான்னு கேக்கறார்” என்றார் பன்னீர்செல்வம்.

“சாப், கஸ்டமர் ஹை” என்றான் கஸ்பார், நியாயமாக.

அந்த வாரம் முழுக்க எதிரி நின்று நின்று வந்தது. ஒருநாள் திரும்பி வந்து காலி பாட்டிலை வாங்கிப்போனது. பேடி கடைசியில் அவனைத் தனியே அழைத்து, தோளில் கை போட்டு, பேரம் பேசினார். பங்குனியில் கல்கத்தாவிலிருந்து பெரிய அதிகாரி பரீட்சை பார்க்க வருகிறார். அன்றைக்கு எங்கும் நிற்காமல் நேரே மிதித்து, ஒழுங்காகச் சுடப்பட்டு விழுந்தால், பிரிவில் காலியாக இருக்கும் கலாசி என்கிற எடுபிடி வேலையை அவனுக்கே நிரந்தரமாகப் போட்டுத்தர அதிகாரியிடம் கையெழுத்து வாங்குவார். நின்றால், அவ்வளவுதான்.

கஸ்பார் அன்று மாலையே மரைன் ஹில்லுக்கு ஏறினான்.

“மாமா, வேலை கெடச்ச மாதிரிதான். விமானப்படையில.”

மத்தியாஸ் முதல்முறையாக நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். “என்னவா?”

“எதிரியா.”

“எந்த நாட்டுக்குல?”

“அத இன்னும் சொல்லல, மாமா.”

மத்தியாஸ் மறுபடி உட்கார்ந்தார். “நிரந்தர ஆர்டரக் கையில கொண்டா. பொறவு மாமாங்குறத வச்சுக்கலாம்.”

அதன்பிறகு கஸ்பார் மாறிப்போனான். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு பழகினான். பஜாரில் பையன்கள் வேண்டுமென்றே “சோடா, சோடா” என்று கத்துவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு போவான். கம்பெனி வியாபாரம் படுத்தது. “கவர்மெண்டு எதிரி போறாரு, வழி விடுங்கடே” என்று மீன் மார்க்கெட்டில் கிண்டல். இந்தக் காலத்தில் அவனைத் தினமும் சுட்டுப் பழகியவர் ஃப்ளையிங் ஆபீசர் கோவிந்தராஜ், கோயமுத்தூர்க்காரர். சுட்டு முடித்ததும் உறையைக் கழற்றி, “ஏனுங்க கஸ்பார், அடி ஒண்ணும் படலீங்களே?” என்று விசாரித்துவிட்டு ஒரு சோடா குடிப்பார். அந்தக் கறுப்பு உறைகளை எல்லாம் தைத்துக் கொடுத்தது கிளாரா. பன்னீர்செல்வத்தின் மூலம் அந்த வேலை அவளுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதைக் கஸ்பார் தற்செயல் என்றே கடைசிவரை சொல்லி வந்தான்.

பரீட்சை நாள். பங்குனி வெயில், ஓடுதளத்தில் தார் கொப்புளித்தது. ஒரு பக்கம் தார்ப்பாய்ப் பந்தல், அதில் மேஜை, வெள்ளை விரிப்பு, டீ, கேக், கல்கத்தா அதிகாரி. எதிர்ப் பக்கம் வேலிக்கு வெளியே பாதி பஜார். வேடிக்கை பார்க்கக் கிடைப்பதே அரிதான ஊர். பெங்காலி, தெலுங்கு, மலையாளி, ராஞ்சி, பர்மாவிலிருந்து வந்தவர் என்று எல்லோரும் வந்திருந்தார்கள்.

கிளாராவும் வந்தாள், புதிதாகத் தைத்த உறையைக் கொடுக்க. கல்யாணமாகாத பைலட்டுகள் இருக்கும் இடத்துக்கு மகளைத் தனியே அனுப்ப முடியாது என்று மத்தியாஸ் லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தார். காலையில் கிளாரா அவருக்குப் பழைய சோற்றோடு சுட்ட கருவாடு வைத்திருந்தாள். அன்றைக்கென்று கை தாராளம். அவர் மூன்றாவது துண்டைக் கேட்காமலே வைத்தாள். வேலியோரம் நின்று கொஞ்ச நேரம் ஆனதும் மத்தியாஸுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது.

“தண்ணிக் கூஜாவ எடு, மக்கா.”

“ஐயோ, வீட்டுலயே மறந்துட்டேம்ப்பா.”

“சவத்து மூதி.” சுற்றிலும் பார்த்தார். குழாய் இல்லை, கிணறு இல்லை. தண்ணீர்த் தொட்டி இருந்தது. அதன்மேல் துப்பாக்கியோடு சிப்பாய் இருந்தான்.

பேடி விசிலடித்தார். கஸ்பார் காதில் பஞ்சோடு கிழக்கே புறப்பட்டான். இடமும் பார்க்கவில்லை, வலமும் பார்க்கவில்லை. தெற்கிலிருந்து ரொட்டி விமானத்தில் கோவிந்தராஜ், தலைமேல் உறையோடு கிளம்பினார். தொட்டியிலிருந்து சிப்பாய் கத்தினான், குடிசையிலிருந்து ரேடியோ பேசியது. இரண்டு வண்டிகளும் ஓடுதளத்தின் நடுவில் ஒரு புள்ளியை நோக்கி அழகாக நெருங்கின. அதிகாரி கேக்கை வைத்துவிட்டு எழுந்து நின்றார். வேலியோரம் பையன்கள் “சோடா, சோடா” என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். எதிரி மசியவில்லை. பேடியின் மீசை விரிந்தது.

எதிரியின் பாதை வேலியை ஒட்டி, மத்தியாஸின் மூக்குக்கு நேரே போனது. வைக்கோலுக்குள்ளிருந்து பச்சைப் பாட்டில்கள் குலுங்கின. கருவாடு தின்ற மனிதர், அவ்வளவுதான் சொல்ல முடியும். கை தானாக வேலிக்கு மேல் நீண்டது.

“ஏல கஸ்பாரு! ஒரு சோடா ஒடைல!”

பஞ்சையும் மீறி அது கேட்டதா, நீண்ட கையைப் பார்த்தானா தெரியாது. வேறு யார் கூப்பிட்டிருந்தாலும் போயிருப்பான்; அதற்காகத்தான் மாதக்கணக்கில் பல்லைக் கடித்தான். ஆனால் கூப்பிட்டவர் கை நனைக்க மாட்டேன் என்றவர். கேட்டது சோடா.

விமானம் நின்றது. கஸ்பார் காதுப் பஞ்சைப் பிடுங்கிப் போட்டான். கோலி உள்ளே விழுந்த சத்தம் வேலியோரம் முழுக்கக் கேட்டது.

“எதிரி நிக்கிறான்!” என்று தொட்டியிலிருந்து சிப்பாய் இந்தியில் அலறினான். குடிசைக்காரர் அவனுக்கு வெயில் தாக்கிவிட்டது என்று நினைத்து, பழைய கணக்கையே ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்தார். கோவிந்தராஜ் எதிரி இருக்கப்போகும் இடத்தை உரிய நேரத்தில் அடைந்தார். அங்கே எதிரி இல்லை. அதையும் தாண்டி, ஓடுதளத்தைத் தாண்டி, பந்தலுக்குள் நுழைந்து, வெள்ளை விரிப்பில் மோதி, விதிப்படி “டக்கா டக்கா டக்கா, சுட்டு வீழ்த்தியாயிற்று!” என்று ஆங்கிலத்தில் அறிவித்தார். டீ கல்கத்தா அதிகாரியின் பேன்ட்டில் இருந்தது.

பேடி எதிரியை நோக்கி ஓடினார், பின்னால் பன்னீர்செல்வம். மத்தியாஸ் அதற்குள் பாதி பாட்டில் குடித்திருந்தார். அப்போதுதான் அவர் காதில் விழுந்தது, வேலியோரத்தின் நிசப்தம். ஊரே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. பாட்டிலைச் சட்டென்று இறக்கினார்.

பேடி மூச்சு வாங்க நின்றார். எல்லோரும் நினைத்ததுபோல் அடிக்கவில்லை. “இப்பவே ஏறி உட்கார். முதல்லேர்ந்து ஓட்டலாம், அதிகாரி ஒத்துக்கிட்டார், பேன்ட் மாத்தப் போயிருக்கார். வேலை இன்னும் உனக்குத்தான்” என்று அவர் இந்தியில் சொன்னதைப் பன்னீர்செல்வம் தமிழில் சொன்னார்.

கஸ்பார் சைக்கிளைப் பார்த்தான். மத்தியாஸின் கையிலிருந்த பாதி பாட்டிலைப் பார்த்தான்.

“மாமா குடிச்சு முடிக்கட்டும், சார்.”

“க்யா போல்தா ஹை?” என்ன சொல்கிறான் என்று பேடி கேட்டார்.

பன்னீர்செல்வம் தன்னால் முடிந்த இந்தியில் கை நனைக்கும் வழக்கத்தை விளக்கினார். பேடி பாதி கேட்டதும் தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டார்.

“போ, போல” என்றார் மத்தியாஸ் அவசரமாக. “ஒன் உத்தியோகத்தப் பாரு. நான் மெதுவாக் குடிக்கேன்.”

“நான் போன பொறவு கீழ ஊத்திருவீங்க மாமா.”

அது உண்மைதான் என்பது மத்தியாஸின் முகத்திலேயே தெரிந்தது. பேடி கடிகாரத்தைப் பார்த்தார், பந்தலைப் பார்த்தார், ஒருமுறை கெஞ்சவும் செய்தார். கஸ்பார் ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி நின்றான். பந்தல் பக்கமிருந்து வேறு பேன்ட்டில் வந்த கல்கத்தா அதிகாரி தூரத்திலிருந்தே காட்சியைப் பார்த்தார். எதிரி நிற்கிறான், பயிற்சித் தலைவர் நிற்கிறார், ஒரு கிழவர் சோடா பாட்டிலோடு யோசிக்கிறார். அவர் நேரே ஜீப்பில் ஏறிவிட்டார்.

“பந்த் கரோ” என்றார் பேடி மெல்ல. “சப் பந்த் கரோ.” எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிவிட்டார்.

ஜீப்பின் புழுதி அடங்கியது.

“போச்சா?” என்றார் மத்தியாஸ். குரலில் ஒரு தெம்பு வந்தது. “உத்தியோகம் போச்சுல்லா? அப்பம் இத நான் எதுக்குக் குடிக்கணும்? தாகத்துக்குக் கேட்டேன், தாகம் தீந்துட்டு. பாதிதான குடிச்சேன். பாதிக்கு ஏதும் கணக்கு கிடையாது.”

வேலியோரம் முணுமுணுப்பு எழுந்தது. பாதிக்குக் கணக்கு உண்டா இல்லையா என்று பல மொழிகளில் தர்க்கம் தொடங்கியது. கஸ்பாருக்குக் கப்பலில் இருப்பதுபோல் முகம் வெளுத்துவிட்டது.

கிளாரா கையை நீட்டினாள்.

“தாங்கப்பா. மீதிய நான் குடிக்கேன்.”

மத்தியாஸ் மகளைப் பார்த்தார். அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. கருவாடு, கூஜா, உறை எல்லாம் அவருக்கு அந்த நொடியில் ஒன்றன்பின் ஒன்றாகப் புரிந்திருக்க வேண்டும். பட்டறையில் மிஷின் எங்கே கோளாறு என்று தெரிந்த பிறகு அவர் முகம் அப்படித்தான் ஆகுமாம். அவள் குடித்தால் சம்மதம் அவளுடையது. ஊர் அதைத்தான் பேசும். அவரே குடித்தால் சம்மதம் அவருடையது. தகப்பனுக்கு அந்த இடத்தில் மிச்சமிருந்த கௌரவம் அரை பாட்டில் அளவுதான்.

பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தார். கடைசிச் சொட்டுவரை குடித்தார். கோலி கண்ணாடியில் மோதி ஒலித்தது. பிறகு ஓர் ஏப்பம் வந்தது. கையெழுத்தை மறுக்கலாம், வாய்ச்சொல்லை மறுக்கலாம். அந்த ஏப்பத்தை மறுக்க முடியாது. டாலிகஞ்ச்வரை சாட்சி இருந்தது.

தூத்துக்குடி மாப்பிள்ளைக்குத் தந்தி போவதற்குள் கப்பல் கிளம்பிவிட்டது. வந்து இறங்கியவர் ஜெட்டி டீக்கடையிலேயே முழுக் கதையையும் கேட்டுவிட்டார். நல்ல மனிதர், திரும்பும் கப்பல் வரும்வரை தினமும் கஸ்பாரிடம் ஒரு பன்னீர் சோடா குடித்தார், முழுதாக. பிரிவு கடைசியில் ரேடாரைத் தேடிக்கொண்டு வேறு ஊருக்குப் போயிற்று. கலாசி வேலைக்கு ஆள் எடுக்கவே இல்லை.

சர்ச்சில் கல்யாண ஓலை எழுதப் போனபோது பங்குச் சாமியார் பேனாவை மையில் தொட்டுக்கொண்டு கேட்டார், “மாப்பிள்ளைக்கு என்ன தொழில், மத்தியாஸ்?”

மத்தியாஸ் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“கவர்மெண்டுல எதிரியா இருந்தாரு, சாமி. இப்பம் சமாதானம் ஆயாச்சு.”

சாமியார் தலையாட்டினார். பிறகு ‘சோடா வியாபாரம்’ என்று எழுதினார்.